இணையவழி இசையரங்கும் நாட்டார் பாடலின் உயிர்நிலையும்

மக்கட் கூட்டம் எங்குண்டோ அங்கெல்லாம் பாட்டும் உண்டு. உழுவோரும், நாற்று நடுவோரும், நீர் இறைப்போரும், வலை இழுப்போரும், தொட்டிற் பிள்ளையை உறங்கச் செய்யும் தாயரும், இறந்தோரைச் சூழ்ந்திருந்து அழும் மகளிரும் பாடிய பாடல்களே ஒரு நாட்டின் முதற் செல்வம் எனலாம். இவற்றை இயற்றினோர் பெயரை எவரும் அறியார். பாடினோர் இவற்றை ஏட்டில் எழுதி வைத்தாருமல்லர். ஆயினும் புலவர்தம் செவிக்கு இவை எட்டாமற் போகவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் பண்ணத்தி என்றொரு வகையைக் குறிக்கின்றது. இளங்கோவடிகள் கானல்வரிக்கும், ஆய்ச்சியர் குரவைக்கும், குன்றக் குரவைக்கும், வள்ளைப் பாட்டுக்கும் தம் காப்பியத்துள் இடமளித்துப் போற்றினார். 1871-ஆம் ஆண்டில் சார்லஸ் கோவர் என்பார் தென்னிந்திய நாட்டுப் பாடல்களைக் குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பெர்சி மக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டி வைத்த தமிழ்ப் பாடல்கள், கி. வா. ஜகந்நாதன் அவர்களால் பதிப்பிக்கப்பெற்று, 1958-இல் ‘மலையருவி’ என்னும் பெயருடன் வெளிவந்தன.

இங்ஙனம் வாயினின்று செவிக்கும், செவியினின்று ஏட்டிற்கும் வந்த நாட்டார் பாடல், இற்றை நாளில் கணினித் திரைக்கும் வந்து சேர்ந்துள்ளது. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் உலகெங்கும் பரவி, மக்கள் ஓரிடத்துக் கூடுதல் இயலாதாயிற்று. அதுகாலைப் பல நாடுகளிலும் நாட்டார் இசைக் கூட்டங்கள் இணையத்தின் வழியே நிகழலாயின. நோய் தணிந்த பின்னரும் அவற்றுட் சில நின்றுவிடவில்லை. திரையின்கண் நிகழும் அக்கூட்டத்தில் நாம் கேட்பது நாட்டார் பாடல்தானா, அன்றி அதன் நிழல்தானா? இவ்வினாவையே யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாட்டார் பாடல் இன்னதென வரையறுத்தல் எளிதன்று. அனைத்துலக நாட்டார் இசைக் கழகத்தார் 1954-இல் பிரேசில் நாட்டுச் சான் பவுலோ நகரிற் கூடி அதற்கு ஓர் இலக்கணம் வகுத்தனர். அவர்தம் கருத்துப்படி நாட்டார் இசையை உருவாக்கும் கூறுகள் மூன்று. முன்னோரோடு இக்காலத்தாரைப் பிணைக்கும் தொடர்ச்சி ஒன்று. பாடுவோர்தம் உள்ளக் கிளர்ச்சியாற் பாட்டில் நேரும் மாறுபாடு இரண்டாவது. பல வடிவங்களுள் எவை நிலைக்கும் என்பதைச் சமுதாயமே தேர்ந்தெடுத்தல் மூன்றாவது. பழமையோ எளிமையோ இங்கு முதன்மை பெறவில்லை என்பது நோக்கற்பாலது. ஒருவன் பாடினான் என்பதனால் மட்டும் ஒரு பாட்டு நாட்டார் பாட்டு ஆவதில்லை. கேட்டோர் அதனைத் தமதாக ஏற்றுத் தாமும் பாடிய பின்னரே அஃது அப்பெயர்க்கு உரியதாகின்றது. ஆகவே நாட்டார் இசையின் உயிர்நிலை பாடுவோன் குரலில் இல்லை. அதனை ஏற்று மறுமொழி தரும் குரலில் உள்ளது என்பது எம் துணிபு.

இத்துணிபுக்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள. ஏற்றம் இறைக்கும்போது துலாவின்மேல் நடப்போர் ஓரடி பாட, கீழே நின்று சாலைக் கவிழ்ப்போர் அடுத்த அடியை ஏற்றுப் பாடுவர். அப்பாட்டே இறைத்த சால்களின் தொகையைக் கணக்கிடவும் உதவிற்று. கடற்கரை மக்களின் அம்பாப் பாட்டில் ஒருவர் சொல்லெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஒருங்கு கூவும் அந்நொடியிலேதான் வலை கரையை நோக்கி நகரும். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் விளங்கும் வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்வோம். நடுவிருந்து கதை நடத்துவோர் அண்ணாவி. அவர்தம் அடியை வாங்கிப் பாடப் பக்கத்தார் உளர். ஒவ்வொரு தொடரின் முடிவிலும் ‘ஆமா’ என்று ஒரு குரல் எழும். அந்த ‘ஆமா’ இன்றேல் கதை ஓரடியும் நகராது. கொடை விழாவில் தெய்வத்தின் கதை உச்சத்தை அடையுங்கால், சாமியாடியின் அசைவையும் கூட்டத்தின் முகத்தையும் நோக்கியே அண்ணாவி தம் பாட்டை விரைவுபடுத்துவார்; அன்றித் தணிப்பார். பாடுவோரும் கேட்போரும் ஈண்டு இருவேறு இனத்தாரல்லர்.

பிற நாட்டிலும் இஃது இங்ஙனமே. இங்கிலாந்தில் 1903-இல் செசில் ஷார்ப் என்பார் சாமர்செட் மாவட்டத்து ஹாம்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் ஒரு தோட்டக்காரர் பாடக் கேட்டு, நாட்டுப் பாடல்களைத் திரட்டலானார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வார்வம் மீண்டும் தழைத்தது. ஊர்தோறும் மதுச்சாலைகளின் பின்னறைகளில் நாட்டார் பாடற் கழகங்கள் தோன்றின. அவற்றுட் சிலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. யாவரும் வட்டமாக அமர்வர். முறைவைத்து ஒவ்வொருவரும் ஒரு பாட்டைப் பாடுவர். பல்லவி வரும்போது அறையிலுள்ளோர் அனைவரும் தத்தமக்கு இயைந்த சுருதியிற் கலந்துகொள்வர். குரல் நடுங்கும் முதியவரும் அங்குத் தயங்காது பாடுவதற்குக் காரணம், இரண்டாம் அடியில் நாற்பது குரல்கள் தம்மைத் தாங்கும் என்னும் நம்பிக்கையேயாம்.

2020 மார்ச்சில் இவ்வறைகள் பூட்டப்பட்டன. கழகத்தார் தத்தம் இல்லங்களிலிருந்தே காணொலிச் செயலிகளின் வழியே கூடலாயினர். முதல் நாளிலேயே அவர் எதிர்ப்பட்ட இடையூறு ஒன்று உண்டு. ஒருவர் பாட ஏனையோர் பல்லவியில் கலந்தவுடன், பாட்டுச் சிதறிப் பெருங்குழப்பமாயிற்று. அக்காலத்தில் இணையவழியே வழிபாடு நடத்திய திருச்சபைகளிலும், யாவரும் ஒருங்கு ஞானப்பாட்டுப் பாட முயன்றபோது இதுவே நேர்ந்தது. இஃது எவருடைய குறையுமன்று. இயற்கை விதியின் விளைவு. அதனைச் சற்றே விளக்குவோம்.

ஒலி காற்றில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். பத்து மீட்டர்த் தொலைவில் நிற்கும் ஒருவரின் குரல் நம் செவியை அடைய, வினாடியை ஆயிரங் கூறிட்டு அவற்றுள் ஏறத்தாழ முப்பது கூறு ஆகும். இருவர் தாளம் பிசகாது ஒருங்கு பாடுவதற்கு, இடையே நேரும் தாழ்வு பொதுவாக இம்முப்பது கூற்றிற்கு உட்பட்டிருத்தல் வேண்டும். அதனின் மிகுந்தால், ஒருவர் குரலுக்காக மற்றவர் காத்திருப்பார். அவர் காத்திருத்தலைக் கேட்டு இவரும் தாழ்ப்பார். இவ்வாறே பாட்டு மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிடும். காணொலிச் செயலிகளிலோ குரலைப் பிடித்து, சுருக்கி, அனுப்பி, மீண்டும் விரித்து ஒலிப்பதற்குள் நூறு கூறுகளுக்கு மேற் கடந்துவிடுகின்றன. இனி எத்துணை நுண்ணிய கருவியைக் கண்டுபிடிப்பினும் தாண்டவியலாத எல்லையும் ஒன்று உண்டு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் லண்டன் மாநகருக்கும் நேர்த்தொலைவு எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்டது. ஆதலின் ஒருமுறை செல்லுதற்கே நாற்பது கூறு வேண்டும். அவ்விரு நகரத்தாரும் ஒரே தாளத்தில் ஒருங்கே பாடுதல் ஒளியின் வேகத்தாலேயே தடைபடுகின்றது.

மற்றுமோர் இடையூறும் உண்டு. இச்செயலிகள் பேச்சுக்கென ஆக்கப்பட்டவை. ஒருவர் பேசும்போது பிறர் குரலைத் தாழ்த்துவதும், மனிதப் பேச்சல்லாத ஒலியை இரைச்சல் எனக் கொண்டு மழுங்கச் செய்வதும் அவற்றின் இயல்பு. பறையும் உடுக்கையும் குடமும் எழுப்பும் ஒலி அவற்றிற்கு இரைச்சலாகத் தோன்றுதல் கூடும். எதனைப் பாட்டு என்பது, எதனைச் சந்தடி என்பது என்னும் பழைய வழக்கு இயந்திரத்தினுள்ளும் புகுந்துகொண்டது போலும்!

இவ்விடையூறுகளைக் கடக்க மக்கள் கண்ட வழிகள் மூன்று. முதலாவது, முறைவைத்துப் பாடுதல். ஒருவர் பாடுங்கால் ஏனையோர் தத்தம் ஒலிவாங்கியை மூடிவிட்டு, தம் இல்லத்திலிருந்தே பல்லவியை உரக்கப் பாடுவர். அவர்தம் குரல் பிறர்க்குக் கேளாது. வாயசைவு மட்டும் திரையிற் சிறு சிறு சதுரங்களில் தோன்றும். வட்டமாக அமர்ந்து முறைவைத்துப் பாடும் பழைய வழக்கத்தோடு இது பெரிதும் ஒத்திருந்தமையால், இங்கிலாந்தின் கழகங்கள் பல இவ்வழியையே மேற்கொண்டன. இரண்டாவது, தனித்தனியே பாடிப் பதிந்து பின்னர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல். நோய்க்காலத்திற்கு முன்னரே, 2010-இல், எரிக் விட்டேக்கர் என்னும் அமெரிக்க இசைப்புலவர், 12 நாடுகளைச் சார்ந்த 185 பாடகரை இம்முறையில் ஒரு பாடற்குழுவாக இணைத்துக் காட்டினார். மூன்றாவது, தாழ்வை இயன்ற மட்டும் குறைக்கும் தனிச் செயலிகளைக் கையாளுதல். ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் உருவான ஜாக்டிரிப், ஜெர்மனியில் தோன்றிய ஜாமுலஸ் என்பன இவ்வகையின. நல்ல கம்பி இணைப்பும் அண்மைத் தொலைவும் உள்ளவிடத்து இவற்றால் ஒருங்கு பாடுதல் கைகூடும். கைப்பேசியொன்றே உள்ள சிற்றூர்ப் பாடகருக்கு இவை எட்டாக்கனியே.

இரண்டாம் வழியினின்று எழுந்த நிகழ்ச்சியொன்று உலகறிந்தது. ஸ்காட்லாந்து நாட்டில் ஏர்ட்ரி என்னும் ஊரைச் சார்ந்த நேதன் எவன்ஸ் என்னும் இளைஞர், அஞ்சற்காரராகப் பணிபுரிந்தவர், 2020 டிசம்பர் இறுதியில் ‘வெல்லர்மன்’ என்னும் கடற்பாட்டைத் தனியே மேசையைத் தட்டிப் பாடி, டிக்டாக் செயலியில் வெளியிட்டார். (அச்செயலி நம் நாட்டில் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே தடைசெய்யப்பட்டது.) ஒருவர் வெளியிட்ட பாட்டின் பக்கத்தே மற்றொருவர் தம் குரலையும் சேர்த்து வெளியிடும் வசதி அதில் உண்டு. அவ்வாறே ஒருவர் தாழ்ந்த குரலைச் சேர்த்தார்; அதன்மேல் வேறொருவர் இடைக்குரலைச் சேர்த்தார்; பிறிதொருவர் பிடில் வாசித்தார். ஒருவரையொருவர் கண்டறியாத மாந்தர் சில நாட்களுக்குள் பெரியதொரு பாடற்குழுவாயினர். 2021-இல் அப்பாட்டின் ஒரு வடிவம் பிரிட்டானிய இசைத்தட்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

அப்பாட்டின் வரலாறும் அறியத்தக்கது. வெல்லர் என்னும் உடன்பிறப்பாளர் 1831-இல் நியூசிலாந்து நாட்டு ஒட்டாகோ கரையில் திமிங்கில வேட்டைக்கு நிலையம் அமைத்தனர். அவர்தம் கப்பல் கொணரும் உணவுப் பொருள்களை எதிர்நோக்கும் வேட்டைக்காரர் நிலையைச் சொல்வது அப்பாட்டு. பாடினோர் மறைந்து, தொழிலும் மறைந்த பின்னர், 1960-களில் நீல் கொஹூன் என்பார் முதியவர் ஒருவரிடமிருந்து அதனை எழுதிக்கொண்டார். அதன்பின் நாட்டார் பாடற் கழகங்களில் அது வாழ்ந்தது. அங்கிருந்தே திரைக்கு வந்தது. கூடத்தில் தனித்து வைத்துக் கேட்கத்தக்க அரிய பாட்டுகள் எத்தனையோ இருக்க, இப்பாட்டே பரவியதன் காரணம் யாது? அதன் பல்லவி எளியது. ஒருமுறை கேட்டோரும் உடனே பாடத்தக்கது. பாட்டின் அமைப்பே ‘வருக, நீயும் பாடுக’ என்று அழைக்கின்றது. திரை அவ்வழைப்பைப் படைக்கவில்லை, அதற்கு வழிவிட்டது. எனவே இணையவழி இசையரங்கு, மறுமொழிக்கு இடந்தரும் அளவிற்கே நாட்டார் அரங்கு ஆகும் என்னும் முடிவு பெறப்படுகின்றது.

இவ்வரங்குகளால் விளைந்த நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. படியேறமாட்டாத முதியோரும், நோயுற்றோரும், இரவில் வீட்டை விட்டகல இயலாத மகளிரும், கடல் கடந்து வாழ்வோரும் அவற்றால் கூட்டத்துள் ஒருவராயினர். 2020 ஏப்ரலில் ஈஸ்டர் திங்களன்று ‘ஃபோக் ஆன் ஃபூட்’ என்னும் நிகழ்ச்சியார் இங்கிலாந்தில் இணையவழித் திருவிழா ஒன்று நடத்தினர். பாடகர் தத்தம் இல்லங்களிலிருந்து பாட, கேட்டோர் அளித்த பொருள் பாடினோர்க்கும் இசைவாணர் நல அறநிலையம் ஒன்றிற்கும் உரியதாயிற்று. விழாக்கள் நின்றமையால் வருவாய் இழந்தோர்க்கு அது சிறிதேனும் ஊன்றுகோலாயிற்று.

இனி இழப்பை நோக்குவோம். நம் நாட்டில் பங்குனி முதல் ஆடி ஈறாகவுள்ள திங்கள்களே வில்லிசைக்கும் கரகத்திற்கும் பறைக்கும் பிழைப்புத் தரும் காலம். 2020-இல் அவ்விழாக்கள் நின்றன. கலைஞர் சிலர் தம் கலையைக் கைப்பேசியிற் பதிந்து வெளியிட்டனர். கண்டோர் பலர், கைம்மாறு அளித்தோர் சிலர். அஃதொருபுறமிருக்க, கதை நடத்துவோர் எதிரே மக்கள் முகம் இல்லை. எவ்விடத்து நகை எழுந்தது, எவ்விடத்துக் கண் கலங்கிற்று என்பதை அவர் அறியுமாறில்லை. பார்த்தோர் தொகை திரையின் அடியில் எண்ணாகத் தோன்றும். ஆனால் அவ்வெண் ‘ஆமா’ என்று சொல்லாது. மேலும், நாட்டார் பாட்டு இடந்தோறும் மாறும் இயல்பினது. பதிவு செய்த ஒரு வடிவமே பல்லாயிரவர்க்குச் சென்று சேருங்கால், அதுவே சரியான வடிவம் என்றும், பாட்டியார் பாடிய வடிவம் பிழையென்றும் எண்ணும் மயக்கம் தோன்றலாம். அப்போது மாறுபாடு நின்றுவிடும், தேர்ந்தெடுத்தலும் நின்றுவிடும். அவ்விரண்டும் நின்றபின் எஞ்சுவது பாட்டின் உடல் மட்டுமே.

இவ்விடத்து இருவகைத் தொழிற்பாடல்களை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து. பாய்மரக் கப்பலிற் கயிறு இழுப்போர் பாடிய பாடல்களுக்கு நீராவிக் கப்பல் வந்தபின் வேலையில்லாது போயிற்று. ஆயினும் ஸ்டான் ஹூகில் போன்றோர் அவற்றைக் காத்தனர். அவர் பாய்மரக் கப்பலில் தாமே பணிபுரிந்தவர். 1961-இல் அப்பாடல்களைப் பெருநூலாக வெளியிட்டார். அதனோடு அமையாது, 1992-இல் மறையுமட்டும் இளையோர் நடுவே பாடியும் பாடச் செய்தும் வந்தார். ஆகலின் கயிறில்லாத கூடத்திலும் பல்லவியை ஏற்கும் குரல் இருந்தது. நம் ஏற்றப்பாட்டுக்கும் இதே நிலை நேர்ந்தது. மின் இறைப்பான் வந்தது, சாலும் துலாவும் மறைந்தன. பாடல்கள் சில நூலேறின. ஆயினும் சாலைக் கவிழ்ப்போர் குரலுக்கு மாற்றாக வேறொரு குரல் எழவில்லை. ஒரு பாட்டைத் தொழில் கைவிடினும் மக்கள் கைவிடாதிருப்பின் அது வாழும். மக்கள் கைவிட்டபின் நூலும் பதிவும் அதனைக் காத்து வைக்குமேயன்றி வாழ்விக்கமாட்டா.

வில்லுப்பாட்டு இன்னும் அந்நிலையை அடையவில்லை. நெல்லைச் சீமையிற் பிறந்து, வில்லிசையை நகர மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுசென்ற சுப்பு ஆறுமுகம் அவர்கள் 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-இல் மறைந்தார். அவர்தம் பதிவுகளை நாம் இன்றும் கேட்கலாம். ஆனால் அவற்றைக் கேட்டு முடிக்கும் இளைஞர் வாயினின்று ஓரடியேனும் எழுகின்றதா என்பதே வினா.

ஆகவே, நண்பர்காள், இணையத்தை இகழ்வதாலும் பயனில்லை. அதனையே முழுதும் நம்புவதாலும் பயனில்லை. நம் கல்லூரியிற் பயில்வோருட் பலர் வயலும் கடலும் சூழ்ந்த ஊர்களினின்று வந்தோர். விடுமுறைக்குச் செல்லுங்கால் கைப்பேசி நம்மோடு வரும். அதனைக் கொண்டு பாடுவோர் இசைவைப் பெற்றுப் பாட்டைப் பதிவோம். அவர் பெயரையும் ஊரையும் அவர் விரும்பியவாறு குறிப்போம். ஊதியத்திற்குரிய கலையாயின் ஊதியமும் அளிப்போம். ஆனால் அத்துடன் அமையாது, அக்கருவியைச் சற்றே கீழே வைத்துவிட்டு, பின்பாட்டு வருமிடத்து நாமும் பாடுவோம். இணையவழி அரங்கு அமைப்பின், முறைவைத்துப் பாடும் வட்டமாக அதனை அமைப்போம். எளிய பல்லவியுள்ள பாட்டைத் தெரிந்தெடுப்போம். கேட்போர் தம் ஊர் வடிவத்தைப் பாடிக் காட்ட இடந்தருவோம். பாடியவர் அடுத்த அடிக்காகச் சற்றே நிறுத்தும்போது, திரைக்கு இப்புறத்தும் ஒரு குரல் எழுமாயின், நாட்டார் பாடல் அவ்விடத்தும் வாழும்.